கோமதிநாயகத்தின் கால்

1

எங்கள் ஆய்வகத்தில் வருஷத்துக்கு ஒரு முறை பாதுகாப்புப் படிவம் வரும். நான் இருப்பது நெதர்லாந்தில், கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிற ஒரு சின்ன ஊரில். வேலை மண்ணோடு, சரியாகச் சொன்னால், மண்ணுக்குள் வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்களோடு. வெளிநாட்டு மண் ஒரு கைப்பிடி இங்கே வர வேண்டுமென்றால் அனுமதிக் கடிதம், இரட்டைப் பை, முத்திரை, நாலு பேர் கையெழுத்து. வேலை முடிந்ததும் நீராவியில் அவித்துக் கொன்றுவிட்டுத்தான் அதை வெளியே கொட்டலாம். நான் இந்த நாட்டுக்குள் வந்தபோதுகூட என்னை இவ்வளவு சந்தேகப்படவில்லை.

அந்தப் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி இது: 'நீங்கள் கையாளும் பொருளாலோ, அதைப் பற்றி நீங்கள் தந்த தகவலாலோ யாருக்காவது காயம் ஏற்பட்டதா?' இருபத்திரண்டு வருஷமாக யோசிக்காமல் 'இல்லை' என்று குறி போட்டவன் நான். போன வாரம் கை நின்றுவிட்டது. எழுந்துபோய் பாதுகாப்புப் பிரிவு அம்மாளிடம், "கட்டிடத்துக்கு வெளியே நடந்ததையும் எழுத வேண்டுமா?" என்று கேட்டேன். "எங்கே நடந்தது?" என்றார். "இந்தியாவில்." கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "அதற்கு இதில் கட்டம் கிடையாது" என்றார். நல்ல மனுஷி. ஒரு காபியும் வாங்கித் தந்தார். நான் 'இல்லை' என்றே போட்டு அனுப்பிவிட்டேன்.

அங்கே எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். சங்கரன்கோவிலில் என் நண்பன் கோமதிநாயகத்துக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அதில் எனக்குப் பங்கு உண்டு. அதற்குப் பரிகாரம் என்று நினைத்துப் பிறகு ஒன்று செய்தேன் பாருங்கள், அது அதைவிட மோசம். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

2

நானும் அவனும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவன் வீட்டில் நாலு விசைத்தறி ஓடியது. என் அப்பா கமிஷன் கடையில் மூட்டை எடை போடுகிறவர். நாங்கள் ஒன்பதாவது படித்த வருஷம் அறிவியல் வாத்தியார் மாறிப்போய், வருஷம் முழுக்க வேறு ஆள் வரவில்லை. அந்த நேரத்தில்தான் கோமதிநாயகம் பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். முன் அட்டை இல்லை, பின் அட்டை இல்லை, முதல் பதினாறு பக்கம் இல்லை. பதினேழாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் பாதியில் ஆரம்பிக்கும். கிருமிகளைப் பற்றியது. அது யார் எழுதியது, பெயர் என்ன என்று எங்களுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

தறி ஓடுகிற வீட்டில் படிப்பதென்றால் கத்தித்தான் படிக்க வேண்டும். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரு நாள் நான் தொண்டை கிழிய "காசநோய்!" என்று கத்த, தெருவோடு போன ஒரு அம்மாள், "அய்யய்யோ, யாருக்கு?" என்று உள்ளே ஓடி வந்துவிட்டாள். கோமதிநாயகம் அசரவில்லை. "இவனுக்குத்தான், எட்டி நில்லுங்க" என்றான்.

"அட்டை இல்லாத பொஸ்தகம்தாம்லே நல்ல பொஸ்தகம்" என்பான். "யாரு எழுதுனான்னு தெரியாதுல்லா. அப்போ என்ன எழுதிருக்குன்னுதான் பாக்கணும்."

மனிதர்கள் போகிற போக்கில் சொல்வதை எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. என் முதல் நோட்டில் முதல் வரி அதுதான். எனக்கு முறையாகக் கிடைத்த படிப்பு கொஞ்சம். மிச்சமெல்லாம் இப்படிப் பொறுக்கியது.

நான் கல்லூரி, ஆராய்ச்சி என்று போனேன். அவன் அப்பா இறந்ததால் பிளஸ் டூவோடு நின்றான். பிற்பாடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பழைய புத்தகக் கடை வைத்து, கூடவே ஒரு ஜெராக்ஸ் மிஷினும் போட்டான். ஆனால் ஆட்கள் அங்கே வந்தது புத்தகத்துக்கும் இல்லை, ஜெராக்ஸுக்கும் இல்லை. அவனிடம் கேட்க வந்தார்கள். டாக்டர் சீட்டு, பேங்க் நோட்டீஸ், மகன் சவுதியிலிருந்து அனுப்பின கம்பெனிக் காகிதம், எதுவானாலும் கோமதிநாயகத்திடம் காட்டிவிட்டுத்தான் மறு வேலை. புளியங்குடியிலிருந்து எலுமிச்சை வியாபாரிகள் வருவார்கள், கடையநல்லூரிலிருந்து பாய்மார் வருவார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பயப்படாதீங்க, இது ஒண்ணும் இல்ல" என்றோ, "இன்னைக்கே ஓடுங்க ஆஸ்பத்திரிக்கு" என்றோ சொல்வான். அவன் சொன்னால் சரியாக இருக்கும். ஊரில் அவனுக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான்: படிச்ச மனுசன் என்கிற பேர்.

3

இந்த நாட்டுக் காகிதத்தில் நான் பிறந்த ஊர் என்ன என்று கேட்காதீர்கள். குடியுரிமைக் காகிதம் போட்ட நகராட்சி அலுவலகத்தில் பிறந்த ஊருக்கான கட்டம் சின்னது. சங்கரன்கோவில் அதில் அடங்கவில்லை. எழுத்தர் அடித்துக்கொண்டே போனார், பாதியில் நின்றுவிட்டது. "பரவாயில்லையா?" என்றார். எனக்கு அப்போது அவர்கள் மொழியில் 'பரவாயில்லை' மட்டும்தான் நன்றாகச் சொல்ல வரும். சொல்லிவிட்டேன். இன்றும் நான் பாதி ஊரில் பிறந்தவன்தான், காகிதத்தின்படி.

மகள் மீரா வேறு நகரத்தில் சட்டம் படிக்கிறாள். போனில் அவள் டச்சில் பேசுவாள், நான் தமிழில் பேசுவேன், நடுவில் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் சந்தித்துக்கொள்வோம். அவள் அம்மா பேசினால் மட்டும் ஒன்றிரண்டு தமிழ் வார்த்தை வரும், சாப்பாட்டின் பேர்களாக.

எனக்கு ஊர் என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் கோமதிநாயகத்தின் போன். மண் எடுக்க நான் எங்கெங்கோ போவேன். போன இடத்தில் கேட்டதையெல்லாம் அவனுக்குச் சொல்வேன். கென்யாவில் கறையான் புற்று ஒன்றை நான் அளந்துகொண்டிருந்தபோது ஒரு அம்மாள் வந்து நின்று பார்த்தார். அந்த ஊரில் பிள்ளைத்தாய்ச்சிகள் புற்றுமண்ணை ஆசைக்குத் தின்பார்கள். "நீ எடுத்துப் போய் என்ன பார்க்கப் போகிறாய்? நான் நாலு பிள்ளைக்கும் தின்றே பார்த்துவிட்டேன்" என்றார். இங்கே ஒரு உருளைக்கிழங்கு விவசாயி. நான் மண் விஞ்ஞானி என்று கை நீட்டினேன். "என் மண்ணுக்கு என்னைத் தெரியும். உங்களைத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையைக் கொடுத்தார். இதெல்லாம் மறுநாளே சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஓடும். "நம்ம சுப்பு கென்யா போயிருந்தாம்லா, அங்கன ஒரு பொம்பள என்ன சொன்னா தெரியுமா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். நான் பார்த்ததை அவன் சொல்லித்தான் ஊர் என்னை ஒரு ஆளாக மதித்தது.

4

போன வருஷம் ஆடிக்கு ஊருக்கு வந்திருந்தேன். கோவிலில் ஆடித் தபசுத் திருவிழா முடிந்த மறுநாள், சின்ன மண்டபம் ஒன்றில் என்னைப் பேச வைத்தான் கோமதிநாயகம். நோட்டீஸ் அடித்து, மைக் செட் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் திரட்டி, எல்லாம் அவன்தான். நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். தறிக்காரர்கள், கடைக்காரர்கள், ரிட்டயர்டு வாத்தியார்கள். வெளிநாட்டில் எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். முன் வரிசையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேனாவைக் கடிப்பார்கள். இது வேறு. நான் வாயைத் திறந்ததும் சிரித்தார்கள், நிறுத்தினால் கை தட்டினார்கள். எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

நம் ஊர்க்காரர்களுக்குக் கோவிலில் தருகிற புற்றுமண்ணைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? நெற்றியில் பூசுகிறோம், ஊறலுக்கும் கட்டிக்கும் குழைத்துப் போடுகிறோம், ஊருக்குப் போகிறவர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறோம். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "இந்த மண்ணுல ஒரு ஸ்பூன் எடுத்தா அதுக்குள்ள கோடிக்கணக்கான உயிர் இருக்கு. டாக்டர் உங்களுக்கு எழுதித் தர்ற மருந்துல பாதி இந்த மாதிரி உயிர்கள்கிட்ட இருந்து வந்ததுதான். நம்ம ஆளுங்க சும்மா பூசல!"

கைதட்டல் ஓயவே இல்லை. திரையில் காட்ட அடுத்த படம் ஒன்று இருந்தது. அதே ஸ்பூனில் வாழ்கிற இன்னொரு கூட்டத்தைப் பற்றி. திறந்த புண்ணுக்குள் போனால் சதையை அழுக வைப்பவை, தாடையைப் பூட்டி ஆளைக் கொல்பவை. மருந்து என்பதும் பிரித்துச் சுத்தம் செய்து அளந்த பிறகுதான் மருந்து, மண்ணாக இருக்கும்வரை அது மண்தான் என்று அதில் எழுதியிருந்தேன். பந்தியில் இலை போட்டாயிற்று என்று மைக் செட்காரர் சைகை காட்டினார். கைதட்டலுக்கு மேலே இதைப் போய்ச் சொல்ல எனக்கும் மனசில்லை. படத்தைத் தள்ளிவிட்டு நன்றி சொல்லி இறங்கிவிட்டேன்.

கோமதிநாயகம் என்னைக் கட்டிப்பிடித்து, "கொன்னுட்டலே!" என்றான்.

5

அவனுக்குச் சர்க்கரை உண்டு. எனக்கு அது தெரியும்.

கார்த்திகை மாதம். புதுச் செருப்பின் வார் கடித்து இடது கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் சின்னப் புண். எனக்கு வாட்ஸப்பில் குரல் அனுப்பினான். இன்னும் என் போனில் இருக்கிறது: "ஏலே, கால்ல ஒரு புண்ணு. நீ சொன்ன மருந்துதான் போடுதேன். கோவில்ல வாங்குன மண்ணு காஞ்சு போயில்லா இருக்கும், அதுல உன் கிருமி செத்துப்போயிருக்கும். அதான் சிவகிரி ரோட்டுல ஒரு புத்துல ஈரமா வெட்டி எடுத்துட்டு வந்தேன். உயிரோட இருக்கணும்லா?" கடைசியில் ஒரு சிரிப்பு.

நான் ரயில்வே ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். குளிர். கையுறையைக் கழற்றி, கேலி பண்ணுகிறான் என்று நினைத்து, சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்றைத் தட்டி அனுப்பினேன். ரயில் வந்துவிட்டது.

படிக்காதவன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். படிக்காதவன் ஒரு சிட்டிகை காய்ந்த மண்ணைப் பூசிவிட்டு, மூன்றாம் நாள் வலித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான். என் கோமதிநாயகம் யோசித்தான். நான் சொன்னதை எடுத்து, அதற்கு மேலே ஒரு படி கட்டினான். தினமும் புது மண், தினமும் ஈரக் கட்டு. சர்க்கரைக் காலில் வலி தெரியாதது, மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலில் விழுந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் கால் போக வேண்டும் என்றார்கள். போயிற்று.

மீராவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "நீங்கள் அவரைப் போடச் சொன்னீர்களா?" "இல்லை." "அப்படியென்றால் இது உங்கள் பொறுப்பு ஆகாது அப்பா." எனக்கு ஆறுதலாகச் சொன்னாள் என்று தெரிகிறது. சட்டப்படி சரியாகவும் இருக்கும். அதற்கு மேல் அவளிடம் பேச எனக்கு எந்த மொழியும் வரவில்லை.

6

அவன் தேறின பிறகு போனில் மன்னிப்புக் கேட்க மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் வெட்டிவிட்டான். "சவத்த விடுலே. சர்க்கரை எடுத்துட்டுப் போச்சு. கென்யாக்காரிக்கு அப்புறம் எவளும் ஒண்ணும் சொல்லலையா?" இவ்வளவுதான். நான் அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன்.

இந்த ஆடிக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. அதே மண்டபத்தில் திரை கட்டி, வீடியோவில் பேசச் சொன்னான். "போன தடவை பேசுனதையே பேசு. ஊர்ல இன்னும் அதத்தான் சொல்லுதாவ."

ஊர் இன்னும் அதைத்தான் சொல்கிறது. அந்த மண்டபத்தில் இருந்த நூறு பேரில் இன்னும் எத்தனை பேருக்குச் சர்க்கரை, எத்தனை பேருக்குப் புண்? அன்று காட்டாமல் விட்ட படத்தை இந்தத் தடவை காட்டிவிட வேண்டும், நடந்ததையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு பண்ணினேன். மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அவர்கிட்ட கேட்டீங்களா?" கேட்டால் வேண்டாம் என்பான் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே கேட்கவில்லை.

அங்கே மதியம், இங்கே காலை. திரையில் மண்டபம் தெரிந்தது. முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் கோமதிநாயகம், பக்கத்தில் ஊன்றுகட்டை, அந்தப் பக்கம் அவன் மனைவி செண்பகம். வேட்டியைத் தாராளமாக இழுத்து மூடியிருந்தான். என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

நான் விட்ட படத்தைக் காட்டினேன். புண்ணில் மண் போடாதீர்கள், காலில் சின்னக் கீறல் என்றாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அது போதும். ஆனால் நான் நிறுத்தவில்லை. "என் பேச்சை நம்பி, என் நண்பன் கோமதிநாயகம் மூணு வாரம் காலில் புத்துமண் வச்சுக் கட்டினான். அவன் கால் போனது என்னால்" என்றேன்.

மண்டபத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், மைக் இல்லாமலே தெளிவாகக் கேட்டது: "சர்க்கரைப் புண்ணுக்கா மண்ணு போட்டாரு? ஏ சாமி!"

இன்னொருவர்: "நமக்கெல்லாம் மாத்திரைச் சீட்டுப் படிச்சுச் சொல்லுத மனுசம்லா வே இது!"

யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன், தன்னையறியாமல் வந்த சிரிப்புதான். ஒருவர் சிரித்தால் போதும், மண்டபம் முழுக்கப் பரவிவிடும். செண்பகம் மெதுவாகத் திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் வேட்டியை இழுத்து இழுத்து, ஏற்கனவே மூடியிருந்ததை இன்னும் மூடிக்கொண்டிருந்தான்.

7

மறுநாள் செண்பகம் போனில் கூப்பிட்டாள். அவள் என்னை அப்படிக் கூப்பிடுகிறவள் இல்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லுங்க. புண்ணு வந்தப்ப இவிய, 'டாக்டர்ட்ட போயிட்டு வந்தேன், அவருதான் கட்டுப் போட்டாரு'ன்னு எங்கிட்ட சொன்னாவ. கட்ட அவுக்கக் கூடாது, தண்ணி படக் கூடாதுன்னாவ. அதெல்லாம் பொய்யா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"அந்த டாக்டர இத்தன நாளும் நான் ஏசாத ஏச்சு இல்ல அண்ணாச்சி. ஒரு நாள் அவரு ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னு மண்ண வாரித் தூத்திட்டு வந்தேன். அப்பக்கூட இவிய வாயத் திறக்கலயே." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எங்கிட்டயாது சொல்லிருக்கலாம். சரி, உங்களுக்கு அங்கன வேலை கெடக்கும், வைக்கேன்."

கோமதிநாயகம் மூன்று ஞாயிறு எடுக்கவில்லை. நாலாவது ஞாயிறு எடுத்தான். குரலில் கோபமில்லை.

"கடைக்கு ஆள் வருதா?" என்றேன்.

"ஜெராக்ஸுக்கு வாராவ. காப்பி எடுத்துட்டு, டாக்டர் சீட்ட மடிச்சுப் பைக்குள்ள வச்சுட்டுப் போயிருதாவ. எங்கிட்ட நீட்ட மாட்டக்காவ. நானா கேக்கவும் முடியாதுல்லா, 'என்ன எழுதிருக்குன்னு பாப்போமா'ன்னு."

"நான் உண்மையச் சொல்லணும்னு..."

"நீ சொன்னதுல ஒரு வார்த்த பொய் இல்லலே. யாரும் மண்ணு போடாதீங்கன்னு சொன்ன பாத்தியா, அது நல்ல காரியம். ரெண்டு பேரு பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடிருக்கானுவ. அதுக்கு எம்பேரு எதுக்குலே? ஒரு சினேகிதன்னு சொன்னாப் போறாதா? உனக்கு நெஞ்சுல இருந்த கல்லு இறங்கிட்டு. நல்லா ஒறங்குதியா இப்போ?"

"இல்லை" என்றேன்.

"நானும் இல்ல. கால் போனது எனக்கு. அத யார்ட்ட எப்பிடிச் சொல்லணும்னு நான் ஒண்ணு வச்சிருந்தேன். அதையும் நீ எடுத்துட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

இத்தனை வருஷம் எத்தனை மண்ணுக்கு அனுமதி எழுதிக் கேட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

இந்தக் குறிப்பை எழுதலாமா என்று இந்தத் தடவை அவனிடம் கேட்டேன். வேறு பேர் போடுகிறேன், ஊரையும் மாற்றிவிடுகிறேன் என்றேன். "ஊருக்கே தெரிஞ்சாச்சு, இனி மாத்தி என்ன? எழுதிட்டு வாசிச்சுக் காட்டு" என்றான். நேற்று முழுவதையும் போனில் வாசித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டான். செருப்பு புதுசு இல்லை, பழசுதான், வார் மட்டும் புதுசு என்று திருத்தினான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவனே விட்டான். செண்பகம் டாக்டர் வாசலில் மண் தூற்றினதை எடுத்துவிடவா என்று கேட்டேன். உள்ளே போய் அவளிடம் கேட்டுவிட்டு வந்து, "இருக்கட்டுமாம், அந்த டாக்டராது படிக்கட்டுமாம்" என்றான்.

போனை வைக்கப் போகும்போது அவனே சொன்னான்:

"எல்லாம் சரியாத்தாம்லே எழுதிருக்க. கடைசில நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் எழுதிராத. அத நான் இன்னும் சொல்லல."